பணம் தருபவரும் படம் வரைபவரும்

சிறுவர் ஓவியப் பட்டறை என்பது, பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் வெளியே, குழந்தைகள் வண்ணம், களிமண், காகிதம் போன்ற பொருள்களைக் கையாண்டு தாமாகவே ஒன்றைச் செய்து பார்க்க இடமளிக்கும் சில மணி நேர அமர்வாகும். தமிழக நகரங்களில் கோடை விடுமுறையிலும் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலும் நடக்கும் இத்தகைய பட்டறைகளைச் சிறுதொழிலாகத் தொடங்க ஓவியம் பயின்றோர் பலர் முன்வருகின்றனர். கலைஞர் தம் கலைக்கு வேண்டிய பொருளைத் துணைத்தொழிலால் ஈட்டுவது இங்குப் புதிதன்று, 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தினர், பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றே தங்கள் ஓவிய வாழ்வைத் தாங்கிக்கொண்டனர். எனினும் பாத்திக் துணியை வாங்குபவரே அதை உடுத்துகிறார். பட்டறையிலோ பணம் தருபவர் பெற்றோர், பயன்பெறுபவர் குழந்தை. இத்தொழிலின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பிளவிலிருந்தே பிறக்கின்றன.

பெற்றோர் கண்ணுக்குத் தெரியும் விளைவை எதிர்பார்ப்பது இயல்பே. இரண்டு மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியன், அடிவாரத்தில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை என்று ஆசிரியர் கரும்பலகையில் வரைந்ததை அப்படியே பெயர்த்த படம், வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்குத் தகுதியானதாகத் தோன்றுகிறது. மூன்று நிறங்களைக் கலந்து நான்காவது எப்படி வருகிறது என்று ஒரு மணி நேரம் சோதித்த குழந்தையின் கையிலிருப்பதோ மண்ணிறமாகிப்போன ஒரு தாள் மட்டுமே. முன்னதில் ஆசிரியரின் கைத்திறனும் பின்னதில் குழந்தையின் கற்றலும் மிகுதி என்றாலும், கட்டணத்துக்கு ஈடாக முன்னதே கருதப்படுகிறது.

குழந்தை ஓவியத்தை வளர்ந்தோரின் அளவுகோலால் அளக்கும் இப்பழக்கத்தை ஐரோப்பாவில் முதலில் கேள்விக்குட்படுத்தியவர்களுள் ஒருவர், 1897இல் வியன்னாவில் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக். குழந்தையின் படம் வளர்ந்தோரின் ஓவியத்துடைய அரைகுறை வடிவமன்று, தனக்கென ஓர் ஒழுங்கு உடையது என்பது அவர் நிலைப்பாடு. பின்னர் ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளியிட்ட நூலில் இவ்வொழுங்கைப் பருவங்களாகப் பகுத்தார். ஏறத்தாழ நான்கு வயதுவரை கிறுக்கல் பருவம். ஏழு வயதுவரை, வட்டமும் கோடுமாக மனித உருவம் தோன்றத் தொடங்கும் பருவம். ஒன்பது வயதுவரை, வீடு, மரம், மனிதர் ஒவ்வொன்றுக்கும் நிலையான வடிவத்தைக் கைக்கொண்டு, தாளின் அடியில் தரைக்கோடு இட்டு வரையும் பருவம். அதன்பின் பார்த்தது போலவே வரைய வேண்டும் என்னும் ஆசையும், வரவில்லையே என்னும் மனக்குறையும் சேர்ந்தே எழுகின்றன. ஆகவே ஐந்து வயதுக் குழந்தையையும் பத்து வயதுச் சிறுமியையும் ஒரே பாயில் அமர்த்தி ஒரே பணியைத் தருவது, ஒருவருக்கு மலைப்பையும் மற்றவருக்குச் சலிப்பையும் தரும்.

இக்கல்விக் கருத்து வரவு செலவோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் காணலாம். இரண்டு மணி நேர அமர்வுக்குக் குழந்தை ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணம், 80 ரூபாய் பொருட்செலவு, அரை நாளுக்குக் கூடத்தின் வாடகை 1,500 ரூபாய், உதவியாளர் ஊதியம் 800 ரூபாய் எனக் கொள்வோம். வாடகையும் ஊதியமும் எத்தனை பேர் வந்தாலும் மாறாத நிலைச்செலவு; பொருட்செலவு தலைக்கேற்ப மாறும் செலவு. பன்னிரண்டு குழந்தைகள் வந்தால் 2,740 ரூபாய் மிஞ்சும். ஆறு பேர் மட்டும் வந்தால் மிச்சம் 220 ரூபாய். வருகை பாதியாகும்போது ஆதாயம் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே சரிவதற்கு நிலைச்செலவே காரணம். முன்பதிவின்போதே கட்டணம் பெறும் வழக்கத்தின் நியாயமும் இதுவே.

வருகை குறைந்துவிடுமோ என்ற அச்சமே நடத்துநரை இருபத்தைந்து குழந்தைகளைச் சேர்க்கத் தூண்டுகிறது. இரண்டு உதவியாளர்களை அமர்த்தினாலும் அப்போது 7,400 ரூபாய் மிஞ்சும். ஆனால் இருபத்தைந்து பேரிடமும் தனித்தனியே பேச நேரமில்லாததால், நகலெடுத்த கோட்டுருவத்தைத் தந்து வண்ணம் தீட்டச் சொல்லும் நிலை உருவாகிறது. மலையும் குடிசையும் இவ்வழியாகவே திரும்பி வருகின்றன. மாறாக, அதே அரை நாள் வாடகையில், ஐந்து முதல் ஏழு வயதினருக்கு ஓர் அமர்வும் எட்டு முதல் பதினொரு வயதினருக்கு மற்றோர் அமர்வும் என, பன்னிரண்டு பேர் கொண்ட இரு குழுக்களை அடுத்தடுத்து நடத்தி, உதவியாளருக்கு இரு அமர்வுக்கான ஊதியத்தையும் கொடுத்தால், மிஞ்சுவது 6,980 ரூபாய். நடத்துநரின் உழைப்பு இரண்டு மணி நேரம் கூடினாலும், தொகையில் வேறுபாடு 420 ரூபாய்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் நடத்துநரிடமிருந்து கிடைக்கும் கவனமோ இரு மடங்குக்கு மேல்.

பெற்றோரின் எதிர்பார்ப்பை எதிர்ப்பதைவிட அதற்குப் பொருத்தமான விடை அளிப்பதே நடைமுறைக்கு உகந்தது. அமர்வின் இறுதிக் கால்மணி நேரத்தில் படைப்புகளைக் கொடியில் தொங்கவிட்டு, குழந்தை எதைச் சோதித்தது, எங்கே தடுமாறியது, எப்படி வழி கண்டது என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் ஓரிரு வாக்கியம் கூறினால், மண்ணிறத் தாளும் அவர்களுக்குப் பொருளுடையதாகும். குழந்தையின் படத்தில் ஆசிரியர் கைவைத்துத் திருத்துவதில்லை என்பதை முன்பதிவின்போதே தெரிவித்துவிடுவதும் நல்லது.

சட்டம் சார்ந்த கடமைகள் அதிகமில்லை. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்குரியது, கட்டணமற்றது. கலை, பண்பாடு சார்ந்த பொழுதுபோக்குப் பயிற்சிக்கான சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு, 2022 ஜூலை 18 முதல் தனிநபர் நடத்தும் பயிற்சிக்கு மட்டுமே உரியது என்பதால், நண்பர்கள் கூட்டாண்மை நிறுவனமாகத் தொடங்கும்போது இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். நச்சற்றவை எனக் குறிக்கப்பட்ட வண்ணங்களைத் தேர்வதும், உதவியாளரின் பின்னணியை விசாரித்து அமர்த்துவதும், அமர்வு முடிந்ததும் குழந்தையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற பதிவைக் கையில் வைத்திருப்பதும், குழந்தைகளைப் பொறுப்பேற்கும் எவருக்கும் தவிர்க்க இயலாதவை.

சிறிய குழு, வயதுக்கேற்ற பிரிவு, பெற்றோருக்கான விளக்கம் ஆகிய மூன்றும் கலைக்கல்வியின் பெயரால் தொழில் செய்யும் தியாகங்களாகப் பேசப்படுவதுண்டு. ஆனால் ஒருமுறை வந்த குழந்தை அடுத்த விடுமுறையிலும் வருவதை நம்பியே இத்தொழில் நிலைபெறுகிறது. அந்த இரண்டாம் வருகையைத் தீர்மானிப்பதில் பணம் தந்தவரின் மனநிறைவைப் போலவே படம் வரைந்தவரின் விருப்பத்துக்கும் பங்குண்டு.