ஐம்பத்தொன்பதாம் நாள் கடிதம்

2023 மே மாதம் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோருக்கு ஒரே வாசகத்தோடு கடிதம் போனது. அனுப்பியது ஃபார்மெரிக்கா. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனம், நாடு முழுக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மருந்து சப்ளை செய்கிறது. இல்லத்தில் இருப்பவர்களில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். வேளாவேளைக்கு நர்ஸ் தரும் மாத்திரை எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று யார் விசாரிக்கிறார்கள்? ஆனால் அந்தக் கடைக்கு அவர்களைத் தெரியும்: பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், காப்பீட்டு விவரம், சாப்பிடும் மருந்துகள். மார்ச் 12, 13 தேதிகளில் கணினிக்குள் புகுந்தவர்கள் அள்ளிப்போனது இதையெல்லாம்தான். பாதிக்கப்பட்டவர்கள் 58 லட்சத்துக்கும் மேல்.

அவர்களில் இறந்துபோனவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய சொத்தை நிர்வகிப்பவரோ வாழ்க்கைத் துணையோ, கடன் விவரங்களைப் பதிந்துவைக்கும் கிரெடிட் நிறுவனங்களுக்கு மரணத்தைத் தெரிவித்துவிடட்டும் என்று ஃபார்மெரிக்கா கேட்டுக்கொண்டது. செத்தவர் பெயரில் யார் கடன் வாங்குவார்கள் என்று தோன்றலாம். வாங்குவார்கள். கணக்கைப் பார்த்துப் புகார் சொல்ல ஆளில்லாத பெயர்தான் மோசடிக்காரருக்கு வசதி.

உடல்நலத் தகவல்களைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி, கசிவு தெரிந்ததும் தேவையற்ற தாமதமின்றிச் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லவேண்டும்; எப்படியும் 60 நாளைத் தாண்டக்கூடாது. ஃபார்மெரிக்காவுக்கு விஷயம் தெரிந்தது மார்ச் 14. கடிதம் கிளம்பியது மே 12. எண்ணிப்பார்த்தால் 59 நாள். திருடிய 'மணி மெசேஜ்' கும்பலோ மார்ச் கடைசியிலேயே இணையத்தில் தம்பட்டம் அடித்துவிட்டது. ஆக, பறிகொடுத்தவருக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இதே ஹிப்பா, ஒருவர் இறந்து 50 ஆண்டுவரை அவருடைய தகவலுக்குக் காவல் இருக்கிறது. ஆனால் அதை மீறியவர்மேல் அந்தச் சட்டத்தின் கீழ் தனிநபர் வழக்குப் போட முடியாது. மத்திய சுகாதாரத் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் மாநிலச் சட்டத்தைப் பிடித்து, கவனக்குறைவு என்று வழக்காட வேண்டும். அதிலும், 'பின்னால் ஏதாவது நடக்கலாம்' என்ற அபாயம் மட்டும் மத்திய நீதிமன்றங்களில் நஷ்டஈடு கேட்கப் போதாது என்று 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டிரான்ஸ்யூனியன் என்ற கிரெடிட் நிறுவனத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் ஃபார்மெரிக்காமேல் போட்ட வழக்கு 52.75 லட்சம் டாலர் சமரசத்துக்கு வந்தது. தலைக்கு ஒரு டாலர்கூடத் தேறாத தொகை. நஷ்டத்துக்கு ரசீது வைத்திருப்பவர் கூடுதலாகக் கேட்கலாம். பராமரிப்பு இல்லத்தில் ரசீது சேர்த்துவைப்பது யார்?

நிறுவனம் ஓராண்டு இலவச கிரெடிட் கண்காணிப்பும் தந்தது. ஓராண்டு! சோஷியல் செக்யூரிட்டி எண் பெரும்பாலும் ஆயுளுக்கும் மாறாது.

அதைவிட உருப்படியானது கிரெடிட் ஃப்ரீஸ். புதுக் கடன் கொடுக்க வருபவர் உங்கள் கிரெடிட் அறிக்கையைப் பார்க்க முடியாதபடி மூடிவைப்பது. எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிடமும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இதற்குக் கட்டணம் கிடையாது. முந்தைய ஆண்டு எக்விஃபாக்ஸே சுமார் 14.7 கோடிப் பேரின் விவரத்தைக் கோட்டைவிட்ட பிறகு வந்த சலுகை இது. எண்பது வயதில் புதிதாக வீட்டுக்கடன் வாங்கப்போவதில்லை என்பதால், மூடிவைப்பதில் முதியவருக்கு நஷ்டமே இல்லை.

மருத்துவ மோசடியை மட்டும் ஃப்ரீஸ் தடுக்காது. 2023-ல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோரின் மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) கணக்கில் சிறுநீர் வடிகுழாய்களுக்குப் பில் போடப்பட்டிருந்தது. அவர்களில் பலர் அதைக் கேட்டதுமில்லை, பார்த்ததுமில்லை. மெடிகேர் அனுப்பும் கணக்கறிக்கையை வரி வரியாகப் படித்தவர்களுக்குத்தான் அது கண்ணில் பட்டது. மெடிகேர் எண் திருடுபோனது தெரிந்தால் புது எண் கேட்கலாம்.

இதையெல்லாம் செய்யப்போவது பெரும்பாலும் மகளோ மகனோதான். சிக்கல் அங்கேதான். நினைவு தப்பிய அம்மாவுக்காக ஃப்ரீஸ் கேட்டால், கிரெடிட் நிறுவனம் பவர் ஆஃப் அட்டர்னி பத்திரமோ நீதிமன்ற உத்தரவோ கேட்கும். அந்தப் பத்திரத்தைச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் நீட்டினால் எடுபடாது. அங்கிருந்து வரும் அம்மாவின் உதவித்தொகையைக் கையாள அவர்களே ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கு யார் வேண்டும் என்று மூன்று பேர்வரை முன்கூட்டியே பெயர் கொடுத்துவைக்கும் வசதி 2020 முதல் இருக்கிறது. பெயர் கொடுப்பதும் சரி, பவர் எழுதுவதும் சரி, தெளிவோடு இருக்கும்போதே நடக்கவேண்டும். மறதி முற்றிய பிறகு வாங்கிய கையெழுத்து செல்லாது. அப்புறம் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் கார்டியன் பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும், வக்கீலுக்குப் பணம் கட்டி.