பொருளறிந்து நிரலெழுதல்

கணினி அறிவியலில் சி++ மொழியைக் கற்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலர், இனக்குழு, பொருள், உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் ஆகியவற்றின் வரையறைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். ஆயினும், தாமே ஓர் இனக்குழுவை வடிவமைக்குமாறு கூறினால் அவர்களின் கை தயங்குகிறது. இது அவர்தம் அறிவுக்குறையன்று. பொருளைக் கண்டபின் இடவேண்டிய பெயரைப் பொருளுக்கு முன்னரே கற்பிப்பதனால் வரும் குறை.

இம்முறை பிறந்ததும் வரையறையிலிருந்து அன்று. 1960களில் நார்வே நாட்டின் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவரும், உலக நடப்புகளைக் கணினியில் போலச்செய்து பார்க்கச் சிமுலா என்னும் மொழியை உருவாக்கினர். இனக்குழு, பொருள் என்னும் கருத்துகள் சிமுலா 67இல் தெளிவான வடிவம் பெற்றன. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக அம்மொழியைப் பயன்படுத்திய டென்மார்க்கின் பியார்ன் ஸ்ட்ராஸ்ட்ரூப், 1979இல் பெல் ஆய்வகத்தில் அக்கருத்துகளைச் சி மொழியோடு இணைக்கத் தொடங்கினார். 1983இல் அது சி++ எனப் பெயர் பெற்றது.

போலச்செய்து பார்க்கத் தூத்துக்குடியைவிட ஏற்ற இடம் வேண்டுமோ? 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் அடுக்கப்பட்டிருக்கும் கொள்கலன்களை நோக்குக. ஒவ்வொன்றின்மீதும் நான்கு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் அவற்றையடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கமும் உள்ளன. முந்தைய பத்துக் குறிகளைக் கொண்டு கணக்கிட்டே கடைசி இலக்கம் பெறப்படுகிறது. ஆதலின், எண்ணைப் பிழையாகப் பதிந்தால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே முந்திரியா, துணியா என்று பாரந்தூக்கி கேட்பதில்லை. மூலைப் பிடிகளைப் பற்றித் தூக்குகிறது, அவ்வளவே. உள்ளிருப்பதை மறைத்து, வெளியார் தொடுவதற்கென்று சில பிடிகளை மட்டும் அளிப்பதே உறைபொதியாக்கம். இதைக் கண்ட மாணவருக்கு, தரவைத் தனிப்பட்டதாக அறிவிப்பது ஏன் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

'சரக்கை இறக்கு' என்னும் ஒரே கட்டளைக்கு நிலக்கரிக் கப்பல் ஒருவகையிலும், எண்ணெய்க் கப்பல் குழாய்வழி வேறொரு வகையிலும் செயற்படுவது பல்லுருவாக்கம்.

மரபுரிமத்திற்குத் தொல்காப்பிய மரபியல் நல்லதோர் எடுத்துக்காட்டு. ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை, ஒவ்வொரு படியும் முந்தைய படியின் அறிவுகளைப் பெற்று, புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. முத்தை ஈனும் இப்பியை உரையாசிரியர் ஈரறிவுயிர்களோடு சேர்ப்பர். இதனைக்கொண்டு நிரலாக்கத்தை நம் முன்னோரே கண்டனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. வகைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் தமிழ் மாணவருக்குப் புதிதன்று என்று மட்டும் கொள்ளலாம்.

எதனைச் சேர்ப்பது என்பதினும் எதனை விடுவது என்பதே கடினம். 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில், கிடைத்த முத்துகளைத் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரித்தனர். சல்லடைக்கு அளவு ஒன்றே முத்தின் இயல்பு. விலை மதிப்பவருக்கோ நிறமும் ஒளியும் உருட்சியும் வேண்டும். முத்து ஒன்றே, பயன்நோக்கி எழுதப்படும் இனக்குழுக்கள் இரண்டு. அருவமாக்கம் எனப்படும் இத்தெரிவை எந்த வரையறையும் மாணவருக்காகச் செய்து தராது. வினாத்தாளும் 'மரபுரிமம் என்றால் என்ன?' என்று கேட்பதை விடுத்து, 'தோணியைக் கப்பலின் வழித்தோன்றலாக எழுதலாமா?' என்று கேட்குமாயின், மாணவர் எண்ணிப்பார்த்தே விடையெழுத நேரும்.

அவ்வினாவிற்கு ஒரே விடை இல்லை. தூத்துக்குடித் தோணி சரக்கேற்றிக் கடல் கடப்பதால் கப்பலின் வழித்தோன்றல் எனலாம். ஆனால், பாய்விரித்து ஓடுவதையே தோணியின் இலக்கணமாக எழுதிய மாணவர், எந்திரம் பொருத்திய தோணி வந்ததும் இனக்குழுவையே பிரித்துத் திருத்த வேண்டியிருக்கும். பாயையும் எந்திரத்தையும் தனித்தனிப் பொருள்களாக்கித் தோணிக்குள் உறுப்பாக வைத்தவர், ஒன்றை எடுத்து மற்றொன்றைப் பொருத்திவிடுவார்.