மௌனம் நலமாகாது

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபொழுது, பண்டை இலக்கியத்தைப் பற்றியே எழுதுவோமென எதிர்பார்த்திருப்பர். பல்லாண்டு தமிழ் கற்பித்துவரும் ஆசிரியரிடம் அதனையே எதிர்பார்ப்பது முறை. ஆயினும் இம்முறை வேறொரு பொருளைக் கையிலெடுத்துள்ளோம். அதற்குக் காரணமாயிருந்தவர் எம்மிடம் தமிழ் கற்றுப் பின்னர் வைத்தியரான பழைய மாணவர் ஒருவரே. சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்த அவர், உரையாடலினிடையே, "ஐயா, இருதயத்துக்குக் கடிவாளம் உண்டு, அந்தக் கடிவாளத்தை அரித்துவிடும் கிருமியும் ஒன்று உண்டு" என்றார். அன்றுதொட்டு அதைப் பற்றிக் கேட்டும் படித்தும் வந்தோம். யாம் மருத்துவம் கற்றவரல்லேம். எனினும், கற்றறிந்தார் கண்டு கூறியவற்றிலிருந்து சாதாரண மனிதன் பெறவேண்டிய பாடம் ஒன்று உண்டாயின், அதனை எடுத்துச் சொல்வது ஆசிரியனுக்குரிய தொழிலேயாம்.

நோவில்லாதவனை நோயில்லாதவன் என்று கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் தவறு. தனி மனிதனைப் பொறுத்தும் தவறு. ஒரு நாட்டைப் பொறுத்தும் தவறு. இக்கருத்தை நிலைநாட்டவே தென்னமெரிக்க நாடுகளுக்குரிய ஒரு நோயின் வரலாற்றை இங்கே கூறப் புகுகின்றோம்.

1907 ஆம் ஆண்டிற் பிறேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் இருப்புப்பாதை அமைக்கும் வேலை மலேரியாக் காய்ச்சலினால் தடைப்பட்டது. அக்காய்ச்சலை அடக்குமாறு ஒஸ்வால்டோ குறூஸ் என்னும் பேரறிஞர் தம் உதவியாளரான கார்லோஸ் சாகஸ் என்னும் இளம் வைத்தியரை லசான்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பினார். புகையிரத வண்டிப் பெட்டியொன்றே சாகஸின் இல்லமும் ஆய்வுகூடமுமாயிற்று. அவ்வூர்க் குடிசைகளின் மண்சுவர் வெடிப்புக்களிற் பகலெல்லாம் பதுங்கியிருந்து, இரவில் வெளிப்பட்டு, உறங்குவோரின் முகத்திற் கடித்துக் குருதி குடிக்கும் பூச்சியொன்றை அங்குள்ளார் அவருக்குக் காட்டினர். முகத்தை நாடுவதால் அதற்கு அவர்கள் இட்ட பெயர் நாவிதன் என்பது. யன்னல், சாவி, அலுமாரி முதலிய சொற்களை நம் யாழ்ப்பாணத்துக்குத் தந்துபோன போர்த்துக்கேய மொழியே பிறேசிலின் மொழியுமாம். அம்மொழியில் ஏழைகள் கண்ணீரினூடே செய்த நகைச்சுவை இப்பெயர் எனலாம்.

அப்பூச்சியின் குடலிற் சவுக்கு வாலுடைய நுண்ணுயிர் ஒன்றைச் சாகஸ் கண்டார். தம் ஆசிரியரின் நினைவாக அதற்குத் திரிப்பனோசோமா குறூசி என்று பெயரிட்டார். 1909 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆந் தேதி, காய்ச்சலுற்ற இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்றின் குருதியில் அதே உயிரைக் கண்டார். பரப்பும் பூச்சியை முதலிலும், கிருமியை அடுத்தும், நோயாளியை இறுதியிலுமாக ஒருவரே கண்டு முடித்த அருஞ்செயல் இது. அந்நாளையே 2020 தொடக்கம் உலகம் சாகஸ் நோய்க்குரிய தினமாக ஆண்டுதோறும் நினைவுகூருகின்றது.

இந்நோய் உடலிற் புகும் வழி விந்தையானது. கடித்தலினால் அது நேரே பரவுவதில்லை. குருதி குடித்த பூச்சி அவ்விடத்திலேயே மலங்கழிக்கும். உறக்கத்திலிருப்பவர் தினவெடுத்துச் சொறியும்போது அம்மலத்திலுள்ள கிருமி காயத்தின் வழியாகவோ கண்ணின் வழியாகவோ உட்செல்லும். தாயிடமிருந்து கருவிலுள்ள சேய்க்கும், பரிசோதியாது ஏற்றிய குருதியாலும், பூச்சி விழுந்த கரும்புச்சாறு போன்ற உணவாலும் பரவுவதுமுண்டு. சில கிழமை காய்ச்சல், சிலருக்கு ஒரு கண்ணிமை வீக்கம், பலருக்கு அதுவுமில்லை. பின்னர் எல்லாம் அடங்கிவிடும். அவர் உழுவார், மணஞ்செய்வார், மக்களைப் பெறுவார். கிருமியோ உடலை விட்டு நீங்குவதில்லை. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அவருட் பத்துப்பேரில் இருவர் அல்லது மூவரின் இருதயம் தளரத் தொடங்கும். ஏனையோர் ஒன்றுமின்றியே வாழ்ந்து முடிப்பதுமுண்டு. சாகஸ் முதன்முதற் கண்ட குழந்தை கிருமியைச் சுமந்தவாறே எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தாள். யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை முன்கூட்டியே உறுதியாய்ச் சொல்ல இன்றும் வழியில்லை.

இனி இருதயத்தின் கடிவாளத்துக்கு வருவோம். இருதயம் தானாகவே துடிக்கும் ஆற்றலுடையது. அதன் வலப்பக்க மேலறையிலுள்ள சிறு கணுவொன்று, நரம்புகளின் தொடர்பு முற்றும் நீக்கப்பட்ட இளைஞரில், நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு முறை துடிப்பை எழுப்பும். நாம் அமைதியாய் அமர்ந்திருக்கையில் நாடி எழுபது அளவில் நிற்பதேன்? மூளையிலிருந்து இறங்கும் வேகசு நரம்பு அதனை இழுத்துப் பிடித்திருப்பதாலேயாம். இது பரபரிவு நரம்புத் தொகுதியைச் சேர்ந்தது. ஓடும்போதும் அஞ்சும்போதும் துடிப்பை முடுக்குவது பரிவு நரம்புத் தொகுதி. ஒன்று கடிவாளம், மற்றையது சவுக்கு. படுத்திருந்தவன் எழுந்து நிற்கும் அந்தக் கணத்திற்கூட, இவ்விரண்டும் தம்முட் கணக்குப் பார்த்துக் குருதி அமுக்கத்தை நேர்செய்கின்றன. நாம் அறியாமலே நமக்காக நடைபெறும் நல்லாட்சி இது.

சாகஸ் நோயில் இவ்வாட்சி குலைகின்றது. 1922 இல் சாகஸும் அவருடன் உழைத்த யூரிக்கோ வில்லேலாவும் நோயாளருக்கு அத்திரோப்பின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். அம்மருந்து வேகசு நரம்பின் பிடியைத் தளர்த்துவது. ஆதலால் நலமுடையவரிடத்து நாடி விரைந்தேறும். நோயாளரிடத்தோ எதிர்பார்த்தவாறு ஏறவில்லை. முன்னரே அறுந்துபோன கடிவாளத்தைத் தளர்த்துவதெங்ஙனம்? இச்சிறு சோதனையின் ஆழம் பல ஆண்டுகளின் பின்னரே முழுவதும் விளங்கிற்று. 1950 களில், சாவோ பாவுலோ மாநிலத்து ரிபெய்ராவ் பிரேற்றோ நகரிற் பணியாற்றிய ஒஸ்திரிய நாட்டவரான பிரிற்ஸ் கோபர்லே, இறந்தோரின் இருதயச் சுவரிலுள்ள நரம்புத் திரட்டுக்களை வெட்டி, நரம்பணுக்களை ஒவ்வொன்றாய் எண்ணினார். நோயாளரிடத்து அவை பெரிதும் குன்றியிருக்கக் கண்டார். அந்நோயாளர் சிலரின் உணவுக்குழாயும் பெருங்குடலும் மிகப் பருத்துச் செயலற்றுப் போவதற்கும் இதே அழிவே காரணமெனக் காட்டினார். விழுங்கவியலாத அத்துன்பத்தைப் பிறேசில் நாட்டுப்புறத்தார் நெடுங்காலம் வேறொரு நோயென்றே எண்ணியிருந்தனர்.

கிருமிகள் தசைக்குள் கூடுகட்டிப் பெருகி வெடிக்கின்றன. அதனால் எழும் அழற்சியில் அருகிலுள்ள நரம்பணுக்களும் மடிகின்றன. கடிவாளம் போனபின் சவுக்கு மாத்திரம் எஞ்சுவதால் இருதயம் நைந்து பருக்கின்றது என்பது கோபர்லேயின் துணிபு. பிற்காலத்தார் அதனை அப்படியே ஏற்றாரல்லர். பரிவு நரம்புகளும் சேதமுறுவதை அவர்கள் கண்டனர். நரம்புச் செய்தியை ஏற்கும் வாங்கிகளிற் சென்று படியும் பிறபொருளெதிரிகள் நோயாளரின் குருதியில் இருப்பதை ஆர்ஜன்ரீன அறிஞர் காட்டினர். தசையில் எஞ்சியிருக்கும் கிருமியும் அதனால் ஓயாது தொடரும் அழற்சியுமே தலையாய காரணம் என்பது இன்றுள்ள பெரும்பான்மையோர் கருத்து. நரம்புச் சேதமோ துடிப்பின் ஒழுங்கீனத்துக்கும் திடீர் மரணத்துக்கும் துணைசெய்வது என்பர்.

இவ்வழக்கிற் தீர்ப்புக் கூற எமக்குத் தகுதியில்லை. ஆனால் வழக்காடுவோர் இருசாராரும் ஒப்புக்கொண்ட ஒன்றுண்டு. இருதயத்தின் வலிமை சிறிதும் குறையாத சிலரிடத்தும், தம்மை நலமுடையாரென்றே எண்ணியிருப்போரிடத்தும், இந்நரம்பாட்சிக் குறைவு சோதனையில் வெளிப்பட்டுள்ளது. அஃதாவது, நோயாளி மௌனமாயிருந்த காலத்தில் நோய் மௌனமாயிருக்கவில்லை.

"மருந்து இருக்கிறதே, பின்னர்க் கொடுத்தாற் போதாதோ?" என்பார் உளர். மருந்துகள் இரண்டு. இரண்டும் அரைநூற்றாண்டுக்கு முன் வந்தவை. தொற்றியவுடனும், பிறந்த குழந்தைக்கும் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரும் குணமடைவர். காலங் கடந்தபின் நிலைமை வேறு. ஐந்து நாடுகளில், இருதயம் பழுதுற்ற 2,854 நோயாளரைக்கொண்டு செய்த பெருஞ்சோதனையின் முடிவு 2015 இல் வெளிவந்தது. பென்ஸ்நிடசோல் என்னும் மருந்து குருதியிலுள்ள கிருமியைக் குறைத்தது. இருதயத்தின் சரிவையோ அது குறிப்பிடத்தக்க அளவிற் குறைக்கவில்லை. கள்வனைப் பிடித்துவிட்டோம், களவுபோன பொருளை மீட்டோமில்லை என்ற கதையாயிற்று. மடிந்த நரம்பணுவை உயிர்ப்பிக்கும் மருந்தை எவரும் இன்னும் கண்டிலர்.

ஆகவே, நோவு தோன்றியபின் ஓடித்திரிவதைவிட, நோவில்லாதபோதே தேடிச் செல்வதே அறிவுடைமை. கருவுற்ற தாயரின் குருதியையும் அவர்தம் குழந்தைகளின் குருதியையும் சோதித்தல் முதலாவது. குடிசைச் சுவரைச் செப்பனிடுதலும் பூச்சிக்கொல்லி தெளித்தலும் இரண்டாவது. இவற்றால் ஆவதென்ன என்று கேட்போர்க்கு வரலாறே விடை கூறும். 1991 இல் ஆர்ஜன்ரீனா, பொலிவியா, பிறேசில், சிலி, பரகுவே, உருகுவே ஆகிய ஆறு நாடுகள் ஒன்றுகூடி, வீட்டுப்பூச்சியை ஒழிக்கவும் இரத்த வங்கிகளைச் சோதிக்கவும் உறுதிபூண்டன. அங்கே தலையாய பூச்சியினாற் பரவுதல் 1997 இல் உருகுவேயிலும், 1999 இற் சிலியிலும், 2006 இற் பிறேசிலிலும் நின்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இருந்தும் இன்றும் உலகில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் இக்கிருமியைச் சுமக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பு. அவருட் பெரும்பாலார் தாம் சுமப்பதையே அறியார்.

இங்கே ஒரு குற்றச்சாட்டை மறுக்க விரும்புகின்றோம். ஏழைகளின் அறியாமையே அவர்தம் நோய்க்குக் காரணமென்று கற்றவர் சிலர் எளிதாய்ச் சொல்லிவிடுவர். லசான்ஸ் மக்கள் அறியாதவரல்லர். அப்பூச்சியை அவர்கள் அறிந்திருந்தனர், அதற்குப் பெயருமிட்டிருந்தனர். அவர்களிடம் இல்லாதது அறிவன்று, வெடிப்பில்லாத சுவர். மாறாக, அறியாமை கற்றவரிடத்தேயும் இருந்தது. 1922 இலும் அடுத்த ஆண்டிலும் தலைநகரத்து மருத்துவக் கழகத்திற் சாகஸின் எதிராளிகள் அந்நோய் அத்துணைப் பரந்ததன்று என வாதிட்டனர். 1934 இல் அவர் காலமானபின் சில காலம் அந்நோயின் பேச்சே தளர்ந்தது. ஆங்கே குடிசைகளில் நாவிதன் இரவுதோறும் தன் தொழிலைச் செய்துகொண்டேயிருந்தான்.

இது பிறநாட்டுக் கதைதானே என்று நாம் வாளாவிருத்தலாகாது. இந்நோய் நம் மண்ணுக்குரியதன்று. ஆனால் இப்பாடம் நம் மண்ணிலும் எழுதப்பட்டதே. 1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. நோய் போய்விட்டதென்று நாடு மகிழ்ந்தது, காவல் தளர்ந்தது. 1968 இலும் 1969 இலும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அக்காய்ச்சலில் வீழ்ந்தனர். பதினேழு என்ற எண்ணின் மௌனத்தை நாம் நலமென்று வாசித்ததன் விலை அது. பின்னர் நெடுங்காலம் உழைத்து, 2016 இல் மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றோம். அச்சான்று பெருமைக்குரியதே. அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு உறங்குவோமாயின், முன்னைப் பிழையை மீண்டும் செய்தவராவோம்.

நோயின் காரணத்தை ஆராய்ந்து அதற்கேற்பச் செய்க என்றார் திருவள்ளுவர். காரணம் எப்போதும் உடலுக்குள்ளேயே இருப்பதன்று. சிலவேளை அது வீட்டுச் சுவரில் இருக்கின்றது, சிலவேளை அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இருக்கின்றது. நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், ஊரூராய்ச் சென்று வீடுகளைக் காணும் சுகாதார உத்தியோகத்தர் உளர், நிதியைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரிகளும் உளர். முறைப்பாடு வந்தபின் தேடுவோம் என்றிராமல், முறைப்பாடு வராத வீடுகளின் வாயிலில் ஒருமுறை நில்லுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். வைத்தியரான மாணவரிடம் இன்னுமொரு வேண்டுகோள் உண்டு. நீவிர் அறிந்தவற்றைத் தமிழில் எழுதுங்கள். பரிவு நரம்பு, பரபரிவு நரம்பு என்ற சொற்கள் பாடநூலிற் கிடந்து பரீட்சையோடு மறைந்துபோகாமல், வீட்டிலுள்ள தாய்மாரும் வாசித்து விளங்கும் கட்டுரைகளாய் வெளிவரட்டும். சொற்பிழை இருந்தாற் கவலற்க. எம்மிடம் அனுப்புங்கள், முன்போலவே சிவப்பு மையினால் திருத்தித் தருவோம்.