மடிக்கணினி செத்ததா? கம்பெனி சாகடித்ததா?

“மதர்போர்டு போய்விட்டது, ரிப்பேர் செய்து பிரயோஜனமில்லை, புதிதாக வாங்கிவிடுங்கள்!” இன்று கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் ஓதப்படும் மந்திரம் இது. கடன் வாங்கிப் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்த தகப்பன் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்காருகிறான். தவணை இன்னும் முடியவில்லை, கருவி முடிந்துவிட்டதாம்!

நாம் கேட்கிறோம்: கருவி உண்மையிலேயே செத்துவிட்டதா? அல்லது செத்துவிட்டதென்று சொல்வதில் யாருக்கேனும் லாபம் இருக்கிறதா?

நோய் என்ன?

விஷயத்தை மூடி வைத்திருக்கும் வரையில்தான் கொள்ளை நடக்கும். ஆகவே முதலில் மூடியைத் திறப்போம்.

மடிக்கணினி கிளம்பவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பாட்டரி கழற்றத்தக்கதானால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பார்க்க வேண்டும். ‘செத்ததாக’ சொல்லப்பட்ட எத்தனையோ கருவிகள் இந்த அரை நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. எழவில்லையானால், அதே வோல்ட் உள்ள, அந்தக் கருவிக்கு ஏற்ற வேறொரு சார்ஜரை மாட்டிப் பார்க்க வேண்டும். பழுது சார்ஜரிலேயே இருக்கலாம்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருண்டு கிடக்கிறது என்றால், வெளியே ஒரு டி.வி.யை இணைத்துப் பார்க்க வேண்டும். அதில் படம் தெரிந்தால் பழுது திரையிலோ அதன் கேபிளிலோதான். படம் தெரியாமல் ‘பீப்’ சத்தம் கேட்டாலோ, விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, எந்தப் பாகத்தில் கோளாறு என்று இயந்திரமே சொல்கிறது என்று பொருள். ராம் தகட்டைக் கழற்றி, அதன் முனைகளைத் துடைத்து, திரும்ப மாட்டினாலே தீர்ந்துபோகும் கேஸ்களும் உண்டு.

கடைசியில்தான் மதர்போர்டு. அதிலும் போர்டு முழுவதும் கெடுவது அபூர்வம். நூற்றுக்கணக்கான பொடிப் பாகங்களில் ஒரு கபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும். அதனால் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்தியிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருக்கும் தொழிலாளி அந்த ஒரு பாகத்தைத் தேடிப் பிடித்து, சூடான காற்றால் எடுத்துவிட்டு, வேறொன்றைப் பற்றவைக்கிறான். பாகத்தின் விலை சில ரூபாய். மீதி அவன் உழைப்புக்கான கூலி. கம்பெனிக்காரனோ “போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும்” என்று புதுக்கருவிக்குப் பக்கத்தில் வரும் ஒரு தொகையை எழுதி நீட்டுகிறான்!

பூட்டுப் போட்டது யார்?

ஒரு காலத்தில் மடிக்கணினியின் பாட்டரி விரலால் தள்ளினால் கழன்று வரும். நாலு திருகாணியைக் கழற்றினால் ராம், டிஸ்க் இரண்டும் கைக்கு வரும். இன்றோ பல மாடல்களில் பாட்டரி கோந்து போட்டு ஒட்டப்படுகிறது. ராம் போர்டிலேயே பற்றவைக்கப்படுகிறது. ஆப்பிள் கம்பெனியின் மாக்புக்குகளில் சேமிப்புச் சில்லும் போர்டோடு ஒட்டியது. அதிலுள்ள தகவல் பிராசஸர் இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. டிஸ்க் தனியாக இருந்தால், கருவி கெட்டாலும் அதை வேறொரு கணினியில் மாட்டி மாணவனின் பாடத்தையும் குடும்பத்தின் படங்களையும் மீட்கலாம். ஒட்டி வைத்தால் போர்டோடு அவையும் சமாதி!

இதற்கு மேலும், போர்டின் சர்க்யூட் வரைபடத்தை வெளியாருக்குக் கொடுப்பதில்லை. சில கருவிகளில் அசல் பாகத்தை மாட்டினாலும் கம்பெனியின் மென்பொருள் ‘அனுமதி’ கொடுத்தால்தான் அது முழுமையாக வேலை செய்யும். காசு கொடுத்தவன் நீ, எஜமான் அவன்!

‘தொழில்நுட்பம்’ என்ற முகமூடி

“கருவி மெலிதாகவும் வேகமாகவும் இருக்க வேண்டுமானால் ஒட்டித்தான் ஆக வேண்டும்” என்று கம்பெனிகளின் வக்கீல்கள் வாதிக்கிறார்கள். பிராசஸருக்கு அருகில் பற்றவைத்த ராம் வேகம் தருகிறது, மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது மெய்தான். ஆனால் அத்தகைய ராமையும் கழற்றி மாற்றும் தகடாகச் செய்வதற்கான தரநிர்ணயம் 2023 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. பாட்டரிக்குப் போட்ட கோந்து என்ன வேகத்தைத் தருகிறது? வரைபடத்தை ஒளித்து வைத்தால் கருவி எத்தனை அங்குலம் மெலிகிறது? அமெரிக்காவில் ஃபிரேம்வொர்க் என்ற சிறு கம்பெனி 2021 முதல், உள்ளே உள்ள பாகங்களை வாங்கியவரே மாற்றிக்கொள்ளும் மடிக்கணினிகளை விற்கிறது. சிறியவனால் முடிந்தது ராட்சஸக் கம்பெனிகளால் முடியாதா?

“லித்தியம் பாட்டரி ஆபத்தானது” என்பது அடுத்த வாதம். உண்மை! உப்பிய பாட்டரியை யாரும் குத்தவோ வளைக்கவோ கூடாது. ஆனால் அப்படிப்பட்ட பாட்டரியை நெம்பித்தான் எடுக்க வேண்டும் என்று ஒட்டி வைத்தவன் யார்? அமெரிக்க சர்க்காரின் வர்த்தக ஆணையமே 2021 மே மாதம் காங்கிரஸுக்கு அளித்த அறிக்கையில், ரிப்பேர் தடைகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்று கூறிவிட்டது. அது கம்யூனிஸ்டுகளின் ஸ்தாபனம் அல்ல!

பழைய வித்தை

இது நேற்றுத் தோன்றிய தந்திரமுமல்ல. 1924இல் ஜெனிவாவில் பல்பு முதலாளிகள் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணியை அமைத்தார்கள். பல்பின் ஆயுள் 1,000 மணி என்று குறைத்து நிர்ணயித்தார்கள். அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! ஏகபோகத்தின் கையில் விஞ்ஞானம் சிக்கினால், நன்றாக உழைக்கும் பொருள் குற்றமாகிவிடுகிறது. 2017 டிசம்பரில், பழைய பாட்டரி உள்ள ஐபோன்களை மென்பொருள் மூலம் மெதுவாக்கியதை ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. திடீரென நின்றுபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. அப்படியானால், பாட்டரியை மாற்றினால் போதும் என்று வாடிக்கையாளரிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

இதன் விளைவு என்ன? 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. டில்லி சீலம்பூரில் ஏழைத் தொழிலாளிகள் அந்த விஷத்தைக் கையால் பிரித்து வயிறு கழுவுகிறார்கள். லாபம் ஒருவனுக்கு; புகை இன்னொருவனுக்கு!

போராடிய இடத்தில் பணிந்தார்கள்

2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ரிப்பேர் உரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. 2023இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. அதே ஆண்டில் கொலராடோ விவசாயிகள் தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிப் பெற்றார்கள். 2024இல் ஐரோப்பிய யூனியனும் கட்டளை பிறப்பித்தது. ஓட்டைகள் உண்டு, ஆயினும் சட்டம் சட்டமே.

நம் நாட்டில்? உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்த 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் கோர்ட்டுகளுக்கு ஓடின. மத்திய அரசு 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டது. டிசம்பரில் ஒரு போர்ட்டல் திறந்தது. 2024இல் ‘ரிப்பேர் குறியீட்டுக்கு’ மற்றொரு குழு. 2025 மே மாதம் அதன் அறிக்கை. குழுவும் குறியீடும் பூட்டைத் திறக்குமா? மீறினால் தண்டனை என்றில்லாத எந்த ஏற்பாடும் முதலாளிக்கு எழுதும் அழைப்பிதழ்தான்!

மாநில அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2011 முதல் லட்சக்கணக்கான மாணவருக்கு மடிக்கணினி வழங்கிய தமிழ்நாடு இது. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்குக் கருவி தருவதாக அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் இத்தனை லட்சம் கருவி வாங்குகிறவன் நிபந்தனை போட முடியாதா? அரசு நினைத்தால் டெண்டரிலேயே கம்பெனியின் பிடியைத் தளர்த்தலாம்.

ஆகவே நாம் கோருவது:

விற்ற கருவிக்குக் குறைந்தது ஏழு ஆண்டுகள் உதிரி பாகங்களை நியாய விலையில் எல்லோருக்கும் கொடு! சர்க்யூட் வரைபடத்தையும் பழுது கண்டறியும் மென்பொருளையும் வெளியிடு! பாட்டரியும் டிஸ்க்கும் கழற்றத்தக்கதாக இருப்பதைக் கட்டாயமாக்கு! அரசு டெண்டரில் இவற்றை நிபந்தனையாக்கு! ஐ.டி.ஐ.களில் போர்டு ரிப்பேர் தொழிலைக் கற்றுக் கொடு!

மாணவர் சங்கங்களும், வாலிபர்களும், ரிப்பேர்த் தொழிலாளிகளும் இதைத் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கருவியைச் செய்தது தொழிலாளியின் கை. அதைத் திறக்கவும் தொழிலாளியின் கைக்கு உரிமை வேண்டும்!