காற்றின் மேல் பழி

ஒரு விபரீதம் நேர்ந்துவிட்டால் பழியைத் தூக்கி இயற்கையின் தலையில் போட்டுவிடுவது மிகவும் சௌகரியமான பழக்கம். இயற்கை எதிர்வழக்காட வராது அல்லவா?

சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் நதியை ஒட்டிய பாறைக் காட்டில், 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டப் போட்டி நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். மாண்டவர்கள் 21 பேர். அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக ஏறியவர்களை நடுமலையில் சூறைக்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. உடம்பின் சூடு இறங்கி, விறைத்துச் செத்தார்கள். உடனே, "இயற்கையின் சீற்றம்!" என்று ஒரு குரல் கிளம்பிற்று.

இயற்கையா கொன்றது? பலத்த காற்று வீசும் என்ற எச்சரிக்கை முன்தினமே வந்துவிட்டது. ஆனாலும், காற்றைத் தடுக்கும் மேற்சட்டை கட்டாயம் என்று விதி செய்யவில்லை. கொண்டுவந்தால் நல்லது என்று யோசனை சொன்னதோடு சரி. கொடிய பகுதியில் 8 கிலோமீட்டருக்குள் 1,000 மீட்டர் ஏற்றம். அங்கே வண்டி போக வழி கிடையாது. இவற்றையெல்லாம் காற்றா தீர்மானித்தது? போட்டியை நடத்தியவர்களின் திறமைக்குறைவும் ஒரு காரணம் என்று அரசாங்க விசாரணையே சொல்லிவிட்டது.

"மலையில் போய் யார் ஓடச் சொன்னார்கள்?" என்று கேட்கும் மகானுபாவர்களும் உண்டு. தன் கால்களின் வலிமையை மலையிடம் சோதித்துப் பார்க்கும் ஆசை குற்றமல்ல, ஐயா. ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி, மூன்று நாடுகளின் வழியாக, 2003 முதல் ஓடுகிறார்கள். அங்கே மழைச்சட்டையும் உயிர்காக்கும் போர்வையும் பையில் இருந்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. 2010-ல் வானிலை கெட்டபோது, தொடங்கிவிட்ட ஓட்டத்தையே நிறுத்தினார்கள். அதனால் யாருடைய வீரமும் குறைந்துபோய்விடவில்லை.

கான்சுவிலும் அன்று மலையை அறிந்த மனிதர் ஒருவர் இருந்தார். ஆடு மேய்ப்பவர். போட்டிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. மழைக்குக் குகையில் ஒதுங்கியிருந்தவர், தவித்தவர்களை அங்கே கொண்டுவந்து, தீ மூட்டி, துணி போர்த்தி, ஆறு உயிர்களைக் காப்பாற்றினார். அதே காற்று, அதே மழை. அவரிடம் மட்டும் தீயும் போர்வையும் தயாராக இருந்தன.

மலையில் பந்தயம் நடத்தப் புறப்படுகிறவர்கள், பரிசுத்தொகையை அறிவிப்பதற்கு முன்னால், அப்படி ஒரு இடையரிடம் போய்ப் பாடம் கேட்கட்டும்.