ரவுட்டரை அணைக்கும் முன் மணி பாருங்கள்

நெட் கட் ஆனால் உடனே ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வது நம்மில் பலருக்கும் பழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பல ரவுட்டர்களில், நடந்ததை நேரத்தோடு பதிந்து வைக்கும் சிஸ்டம் லாக் அணைத்ததுமே அழிந்துவிடும்.

என் வீட்டில் மாலையானால் இணைப்பு போய்விடும். சேவை நிறுவனத்துக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். "எத்தனை மணிக்கு சார்?" என்றார்கள். பதில் இல்லை! பிறகு நான்கு நாட்கள் காலண்டர் தாளில் மணி குறித்தேன். நான்குமே தண்ணீர் மோட்டார் போட்ட நேரம். பிரவுசரில் 192.168.1.1 அடித்து லாகைத் திறந்தால், முதல் வரியில் 1970 ஜனவரி 1. பல வீட்டு ரவுட்டர்களில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. அணைந்து எழுந்தால், இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும்வரை இப்படிப் பழைய தேதியைத்தான் காட்டும். ஆக, லைனில் கோளாறில்லை. மோட்டார் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் இறங்கி ரவுட்டரே அணைந்திருக்கிறது. சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். தொல்லை விட்டது. (போனில் திட்டு வாங்கியவர் பாவம்.)

ரவுட்டரில் டைம் சோன் +5:30 என்று இருக்கிறதா எனவும் பாருங்கள். ஜிஎம்டி என்றிருந்தால் இரவு 8:10க்கு நடந்தது பிற்பகல் 2:40 என்று பதிவாகும். நீங்கள் குறித்த மணியோடு அது ஒத்தே வராது.