குமாஸ்தாக்கள் வளர்த்த பாஷை

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத் தறிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பாவு, ஊடை, கோர்வை, முந்தி... காதில் விழுவது அநேகமாகத் தமிழ். அப்படியே எழுந்து முன் ரூமில் கணக்குப்பிள்ளையிடம் போங்கள். அசல், நகல், வசூல், பாக்கி. அத்தனையும் அரபி! ஆற்காட்டு நவாப் காலத்துக் கச்சேரிகளில் பாரசீகம் வழியாக வந்து உட்கார்ந்தவை. நவாப் போய்விட்டார். பாக்கி மட்டும் போகவில்லை. நெசவாளியைக் கேளுங்கள், சொல்வார்.

பேரேட்டைப் பிடித்தால் ஊரையே பிடிக்கலாம் என்கிற இந்த வித்தையை அரபிக்கு முன்பே செய்து காட்டியது அதன் ஒன்றுவிட்ட அண்ணன், அராமிக். ஹீப்ரு, அரபி, அராமிக் எல்லாம் 'செமிட்டிக்' என்கிற ஒரே கூட்டுக் குடும்பம்.

அராமியர்கள் சிரியா பக்கத்து ஜனங்கள். பெரிய சாம்ராஜ்யம் எதுவும் கட்டியதில்லை. கி.மு. 732-ல் அசிரியர்கள் அவர்களுடைய டமாஸ்கஸையே பிடித்துவிட்டார்கள். நியாயப்படி அதோடு பாஷையும் காலியாகியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். அசிரியர்களின் சொந்த எழுத்து, ஈரக் களிமண்ணில் ஆப்பு ஆப்பாகக் குத்துவது. நூற்றுக்கணக்கான குறிகள் மனப்பாடம் செய்ய வேண்டும். அராமிக்குக்கு 22 எழுத்து, ஒரு தோல் துண்டு, கொஞ்சம் மை. நீங்கள் ஆபீஸ் மானேஜராக இருந்தால் எதை எடுப்பீர்கள்? அசிரிய அரண்மனைச் சிற்பங்களில் இரண்டு குமாஸ்தாக்கள் அருகருகே நின்று கணக்கெழுதுகிறார்கள். ஒருவர் கையில் பலகை, மற்றவர் கையில் சுருள். சுருள்தான் ஜெயித்தது.

பின்னால் வந்த பாரசீகர்கள் எகிப்திலிருந்து சிந்து நதி வரை அதையே ஆபீஸ் பாஷையாக்கினார்கள். அவர்கள் ராஜ்யமும் போய், நம்ம அசோகர் காந்தஹாரில் வைத்த ஒரு கல்வெட்டு 1958-ல் கிடைத்தது. கிரேக்கத்திலும் அராமிக்கிலும் தர்மம் பேசுகிறது. பிராகிருதம் மருந்துக்கும் இல்லை.

பாரசீக குமாஸ்தாக்கள் இன்னும் ஒரு படி மேலே. 'லஹ்மா' என்று அராமிக்கில் எழுதிவிட்டு 'நான்' என்று படிப்பார்களாம். ஆமாம் சார், ஓட்டலில் பனீர் பட்டர் மசாலாவோடு வருகிற அதே நான்! நாம் 'எல்.பி.' என்று எழுதி 'பவுண்ட்' என்று படித்தோமே, அந்த மாதிரி. இந்த எழுத்துக்குப் பெயர் பஹ்லவி. (பெயர் ஒற்றுமையை வைத்துக் காஞ்சிப் பல்லவர்களையே பாரசீகத்திலிருந்து இறக்குமதி செய்த சரித்திரக்காரர்கள் உண்டு. இப்போது அது எடுபடுவதில்லை.)

பஹ்லவியைப் பார்க்க ஈரான் போக வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து பீச் போகிற ரயிலில் பரங்கிமலையில் இறங்கி, மலை மேல் ஏறுங்கள். 1547-ல் போர்ச்சுகீசியர்கள் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றி அந்த எழுத்து ஓடுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு. (தகராறும் அரபிதான்!) மலைக்குப் பெயர் கொடுத்த தாமஸ் இருக்கிறாரே, அந்தப் பெயருக்கு அராமிக்கில் 'இரட்டைப் பிள்ளை' என்று அர்த்தம். அப்பாவுக்கு அராமிக்கில் 'அப்பா'. உடனே தமிழ்தான் தாய் என்று எனக்குக் கார்டு போட வேண்டாம்; குழந்தை வாயில் எந்த ஊரிலும் முதலில் வருவது அப்படித்தான்.

சரி, அந்த பாஷை இப்போது எங்கே? அதன் கிளையான சுரியானி கேரளத்து சர்ச்சுகளில் பூஜை மொழி. சீரோ-மலபார் சபை 1962-ல் மலையாளத்துக்கு மாறியது. வீட்டில் பேசுகிறவர்கள் மேற்கு ஆசியாவில் அங்கங்கே மிச்சம். டமாஸ்கஸுக்கு வடக்கே மாலூலா என்று ஒரு மலைக் கிராமம். அங்கே அடுப்பங்கரையில் அராமிக். பள்ளிக்கூடம், சர்க்கார் காகிதம் எல்லாம் அரபி. 2013-ல் உள்நாட்டுச் சண்டை ஊருக்குள் புகுந்து ஜனங்கள் ஓடிப்போனார்கள். அடுத்த வருஷம் சண்டை விலகியதும் சிலர் திரும்பி வந்தார்கள், எல்லோரும் அல்ல.